வீட்டில் சிகிச்சை பெறும் குழந்தைக்கு நிதி திரட்டுவது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்டும்போது ஒரு தொகை இருக்கும், ஒரு தேதி இருக்கும், ஆஸ்பத்திரி கொடுத்த எஸ்டிமேட் கையில் இருக்கும். தொகை சேர்ந்ததும் வேலை முடிந்தது. மூச்சுக் கருவியோடோ, ஆக்சிஜனோடோ, வயிற்றுக் குழாயோடோ வீடு திரும்பும் குழந்தையின் கதை வேறு. முதல் மாதம் செலவு உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும், ஆனால் நிற்காது. இரண்டு வருடமோ பத்து வருடமோ மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும். இதை ஆபரேஷன் செலவு மாதிரி நினைத்து ஒரே வீச்சில் திரட்டப் போனால், ஐந்தாறு மாதத்தில் பணமும் தீர்ந்திருக்கும், திரும்பக் கேட்க முகமும் இருக்காது. ஆகவே பெரிய தொகையைத் துரத்துவதைவிட மாதாமாதம் வரும் சிறு தொகைகளை உறுதிசெய்வதே இங்கே முக்கியமான வேலை. கீழே சொல்லப்படும் எல்லாமே அதை ஒட்டித்தான்.

இது பெற்றோருக்குக் கைகொடுக்க முன்வரும் உறவினர்கள், நண்பர்கள், சக ஊழியர்களுக்காக எழுதப்பட்டது. பெற்றோரும் படிக்கலாம். ஆனால் நிதி திரட்டும் வேலையை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். இரவு நான்கு முறை எழுந்து சளி உறிஞ்சுகிற தாய், பகலில் நன்கொடையாளர்களின் போன் அழைப்புகளுக்கும் பதில் சொல்ல முடியாது.

யார் என்ன செய்வது

நான்கு பேர் போதும். பத்துப் பேர் சேர்ந்தால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். ஒருவர் பணக் கணக்கு. ஒருவர் மருத்துவக் குழுவோடு பேசி எது வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்று உறுதிசெய்பவர். ஒருவர் பொருள் வாங்குபவர். இன்னொருவர் வெளியாட்களுக்கான ஒரே தொடர்பு; வேண்டுகோளை எழுதுவதும் அவரே. அவருடைய எண் மட்டும்தான் வெளியே போக வேண்டும். பெற்றோரின் எண்ணைப் போட்டால் உதவ வருபவர்களைவிட, தெரிந்த வைத்தியரைப் பரிந்துரைப்பவர்களும், 'ஏன் இந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்' என்று கேட்பவர்களும்தான் அதிகம் அழைப்பார்கள். கணக்குப் பார்ப்பவரும் பொருள் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவர் நேர்மையானவரா என்பதல்ல விஷயம். பின்னால் யாராவது சந்தேகம் கிளப்பினால் அவருக்கே பாதுகாப்பு வேண்டும்.

டிஸ்சார்ஜுக்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

குழந்தை வார்டில் இருக்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குவது எளிது. வீட்டுக்கு வந்தபின் ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் அலைய நேரும்.

மருத்துவரின் கடிதம் ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட தாளில் இருக்கட்டும். நோய் என்ன, வீட்டில் என்ன பராமரிப்பு தேவை, தோராயமாக எவ்வளவு காலம், அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் அதில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதிலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அறக்கட்டளைகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

கருவிகளின் பட்டியலில் வெறும் பெயர் போதாது. 'ஆக்சிஜன் கருவி' என்று எழுதினால் யாரும் விலை சொல்ல முடியாது. 'நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி), குழந்தைக்குத் தேவை நிமிடத்துக்கு 1 லிட்டர், தூங்கும்போது மட்டும்' என்று எழுதினால்தான் சரியான பொருள் வரும்.

தினசரி தீர்ந்துபோகும் பொருட்களின் பட்டியல்: எந்த அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாக்டரைவிட வார்டு நர்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, பெற்றோரில் இருவருமோ, ஒருவரும் இன்னொரு நெருங்கிய உறவினருமோ பயிற்சி பெற்றார்கள் என்ற குறிப்பு. தொண்டையில் ட்ரக்கியாஸ்டமி குழாய் (மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் பொருத்துவது) உள்ள குழந்தைக்கு, குழாய் அடைத்துக்கொண்டால் மாற்றத் தெரிந்தவர் வீட்டில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். அது இல்லாமல் வீட்டுக்கு அழைத்து வருவதற்குப் பணம் திரட்டுவதில் அர்த்தமில்லை.

மருத்துவக் கடிதத்தில் 'பேலியேட்டிவ்' அல்லது 'நோய் தணிப்பு' என்ற சொல் இருந்தால் சிலர் மிரண்டு போவார்கள்; இனி சிகிச்சை கிடையாது என்று எடுத்துக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி, குழந்தைகளுக்கான நோய் தணிப்புப் பராமரிப்பு நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்குகிறது. நோய்க்கான சிகிச்சை நடக்கிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் தொடர்கிறது. நன்கொடையாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

செலவுக் கணக்கு

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கணக்கு தவறினால் மீதி எல்லாம் தவறும். ஐந்து தலைப்புகளில் பிரித்துப் போடுங்கள்.

முதலாவது, ஒரே ஒருமுறை வாங்குபவை. கருவிகள், கட்டில், சக்கர நாற்காலி, மின்சார வேலை. ட்ரக்கியாஸ்டமி உள்ள குழந்தை என்றால் சளி உறிஞ்சும் கருவி ஒன்று போதாது. மின்சாரம் இல்லாதபோது பேட்டரியில் அல்லது கையால் இயங்கும் இன்னொன்று வேண்டும். உறிஞ்சும் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் வசதி இல்லாத கருவியை வாங்காதீர்கள். பெரியவர்களுக்கான அழுத்தம் குழந்தையின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். கூடவே ஆம்பு பை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி), அதற்கு மாற்று விரல் சென்ஸார். சென்ஸார்தான் முதலில் கெட்டுப்போகும் பாகம், பட்ஜெட்டில் மறந்துபோகும் பாகமும் அதுவே.

இரண்டாவது, மாதம்தோறும் தீர்ந்துபோகும் பொருட்கள். சளி உறிஞ்சும் குழாய் ஒரு நாளைக்கு 8 என்றால் மாதத்துக்கு 240. சளிக் காய்ச்சல் வந்த வாரத்தில் இது இரட்டிப்பாகும். ஆகவே 300 என்று போடுங்கள். அளவும் முக்கியம். பொதுவாக, ட்ரக்கியாஸ்டமி குழாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் உறிஞ்சும் குழாயின் ஃப்ரெஞ்ச் அளவு (குழாயின் தடிமனைக் குறிக்கும் அளவு) வரும்: 4 மி.மீ. குழாய்க்கு 8 ஃப்ரெஞ்ச். இது தெரிந்திருந்தால், தவறான அளவில் மொத்தமாக வாங்கிக் குவிப்பதைத் தவிர்க்கலாம். மாற்று ட்ரக்கியாஸ்டமி குழாய்கள் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்: ஒன்று அதே அளவு, இன்னொன்று ஒரு அளவு சிறியது. ஈரம் காக்கும் ஃபில்டர், கட்டும் பட்டை, காஸ், கையுறை, உணவுக் குழாய்க்கான சிரிஞ்ச், நெபுலைசர் கப், சிறப்பு உணவுப் பொடி என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் சில்லறையாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் மருந்துச் செலவைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, ஆள் செலவு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்வார் என்றால் முழு நேரப் பராமரிப்புக்கு மூன்றரைப் பேர். லீவு, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்த்தால் நான்கு முதல் ஐந்து பேர். இந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் பெரும்பாலான குடும்பங்கள் பின்வாங்கும், அது நியாயம்தான். நடைமுறையில் இரவுக்கு மட்டும் ஆள் வைப்பதே நல்ல தொடக்கம். இரவு 10 மணி நேரம், வாரம் ஏழு நாள் என்றால் 70 மணி நேரம். இரண்டு பேர் மாறி மாறி வந்தால் போதும். பெற்றோர் தூங்கினால்தான் பகல் பராமரிப்பு ஒழுங்காக நடக்கும். பணம் குறைவாக இருந்தால் புதிய கருவி ஒன்றைத் தள்ளிப்போட்டாவது வாரத்தில் மூன்று இரவுக்கு ஆள் ஏற்பாடு செய்வது மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் நன்கொடையாளர்களுக்குக் கருவி கண்ணுக்குத் தெரியும், தூக்கம் தெரியாது. அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, மின்சாரம். நிதி கேட்டு வெளியாகும் பட்டியல்களில் ஏறக்குறைய எதிலும் இதைப் பார்க்க முடியாது. 350 வாட் கான்சென்ட்ரேட்டர் 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 8.4 யூனிட், 30 நாளுக்கு 252 யூனிட். இதற்கு மேல் மூச்சுக் கருவி, உறிஞ்சும் கருவி, அறையைக் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ வைக்கும் சாதனம். பல இடங்களில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். ஆகவே பழைய பில்லைப் பார்த்து மதிப்பிடாமல் புதிதாகக் கணக்குப் போடுங்கள். மருத்துவக் கருவி உள்ள வீட்டுக்குச் சலுகை உண்டா, மின்தடைக்கு முன் தகவல் தரும் பட்டியலில் சேர்ப்பார்களா என்று மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

மின்சாரம் நின்றால் என்ன என்பதும் பட்ஜெட்டில் சேர்ந்த விஷயம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் காகிதத்தில் 1800 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கையில் நிற்பது சுமார் 765 வாட்-மணி. அது 350 வாட் கருவியை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓட்டும். நான்கு மணி நேரம் வேண்டும் என்றால் இரண்டு பேட்டரி வாங்க வேண்டும். அதற்கும் மேல் போனால் சிலிண்டர். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் 1500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். அடியில் மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் 11 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை அப்படியே வேண்டுகோளிலும் போடலாம். 'இரண்டாவது பேட்டரி எதற்கு' என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

ஐந்தாவது, கையிருப்பு. மூன்று மாதச் செலவுக்குச் சமமான தொகையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கருவி பழுதாகும், குழந்தையைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரும், நர்ஸ் நின்றுவிடுவார். கையிருப்பு இல்லாத நிதிக் குழு ஒவ்வொரு நெருக்கடியிலும் புதிதாக 'அவசரம்' என்று கூவ வேண்டியிருக்கும். மூன்றாவது முறை அவசரம் என்று சொல்லும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

குழந்தை வளரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். எடை கூடக் கூட மருந்தின் அளவு, உணவின் அளவு, குழாயின் அளவு, நாற்காலி எல்லாம் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்ஜெட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

பொதுமக்களிடம் போவதற்கு முன்

ஏற்கெனவே உரிமையுள்ள பணத்தை முதலில் கேட்டு முடியுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுப் பராமரிப்பு வருமா? அரசின் மாற்றுத்திறன், அரிய நோய் உதவித் திட்டங்கள்? பெற்றோரின் வேலையிடத்தில் மருத்துவ நிதி, தொழிற்சங்க நலநிதி? கருவிகளை இரவல் தரும் ஆஸ்பத்திரி அல்லது அமைப்பு? ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளருக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்கும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 'காப்பீடு தராது என்று சொன்னார்கள்' என்பதற்கும் மறுப்புக் கடிதத்தின் நகலுக்கும் அறக்கட்டளையின் மேஜையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அறக்கட்டளைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலானவை ஏற்கெனவே வாங்கிய பொருளுக்குப் பணம் தருவதில்லை. கொட்டேஷன் கேட்பார்கள், ஒப்புதல் தருவார்கள், பிறகு விற்பனையாளருக்கே நேரடியாகக் கட்டுவார்கள். கடன் வாங்கிக் கருவியை வாங்கிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். எனவே டிஸ்சார்ஜ் தேதி தெரிந்த உடனே இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்கி விண்ணப்பித்துவிடுங்கள். பதில் வரும்வரை கருவியை வாடகைக்கு எடுக்கலாம்.

பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும்

பெற்றோரின் சொந்தக் கணக்கு வேண்டாம். வீட்டுச் செலவும் நன்கொடையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சில நாடுகளில் கணக்கில் பணம் சேர்ந்தால் வருமான வரம்புள்ள அரசு உதவி நின்றுபோகும். பழைய கடனுக்காக வங்கி அதில் கைவைக்கும் ஆபத்தும் உண்டு. இதற்கென்றே தனிக் கணக்கு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு இருந்தால் போதும். பதிவு பெற்ற அறக்கட்டளையோ ஆஸ்பத்திரியோ தன் பெயரில் நிதியை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்க அப்போதுதான் வாய்ப்பு. தனி நபருக்குத் தரும் பணத்துக்கு வரிச் சலுகை பொதுவாகக் கிடையாது, ஆகவே அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் இருக்கிறது. முதல் தொகை வருவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இணைய நிதி திரட்டும் தளத்தைப் பயன்படுத்தினால் மூன்று கேள்விகள்: தளத்தின் கட்டணம் எத்தனை சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் எத்தனை, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும். இரண்டு கட்டணமும் சேர்ந்து 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கையில் 100 வேண்டும் என்றால் இலக்கு 108 என்று போடுவது தவறு, 100-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும், 108.7 வரும். சிறு வித்தியாசம்தான், ஆனால் பெரிய தொகையில் ஒரு மாத காஸ் செலவு அதில் போய்விடும். 'கட்டணமே இல்லை' என்று சொல்லும் தளங்கள் சில, நன்கொடையாளரிடம் ஒரு தொகையை 'விருப்ப உதவி' என்று முன்கூட்டியே டிக் செய்து வைத்திருக்கும். நீங்களே ஒரு சிறு தொகை கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேண்டுகோள் எழுதுதல்

குழந்தையின் முகம், முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி, ஆஸ்பத்திரிப் பதிவு எண் எதுவும் வேண்டாம். இணையத்தில் ஏறியதை இறக்க முடியாது. இன்று மூன்று வயதில் மூக்கில் குழாயோடு கண்ணீரில் இருக்கும் படத்தை, பதினைந்து வயதில் அந்தக் குழந்தையின் வகுப்புத் தோழர்கள் கண்டெடுப்பார்கள். விவரம் தெரிந்த வயதுள்ள குழந்தை என்றால் எழுதியதை அவனிடமோ அவளிடமோ படித்துக் காட்டி, சம்மதம் கேளுங்கள். முகம் தெரியாமல் கையை மட்டும், அல்லது கட்டிலருகே இருக்கும் கருவிகளை மட்டும் காட்டும் படம் நன்றாகவே வேலை செய்யும்.

அழுகையைக் கூட்டி எழுதினால் முதல் வாரம் பணம் வரும், மாதச் சந்தா வராது. மாதம்தோறும் தருபவர் எதற்குத் தருகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் தொடர்வார். மாதிரிக்கு ஒன்று:

'எங்கள் நண்பர்களின் ஆறு வயது மகள் தசை நோயால் மூச்சுக் கருவியின் உதவியோடு வாழ்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். இனி ஒவ்வொரு மாதமும் உறிஞ்சும் குழாய்கள், ஃபில்டர்கள், மின்சாரம், வாரம் மூன்று இரவுக்கான நர்ஸ் ஆகியவற்றுக்கு மொத்தம் … தேவை. காப்பீட்டில் இது வராது. மறுப்புக் கடிதம் எங்களிடம் உள்ளது. 40 பேர் மாதம் … வீதம் ஒரு வருடத்துக்குத் தர முன்வந்தால் போதும். இதுவரை 11 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வரவுசெலவு அனுப்புவோம். மிச்சம் இருந்தால் என்ன செய்வோம் என்பது கீழே எழுதப்பட்டுள்ளது.'

'உங்களால் முடிந்ததைத் தாருங்கள்' என்பதைத் தவிருங்கள். எவ்வளவு என்று சொல்லாவிட்டால் தயங்குவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். 'ஒரு இரவு நர்ஸுக்கு இவ்வளவு', 'ஒரு வார ஃபில்டருக்கு இவ்வளவு' என்று மூன்று நான்கு அளவுகள் கொடுங்கள். பொதுவில் விடுவதற்கு முன் நெருங்கிய வட்டத்தில் பத்துப் பதினைந்து பேரைத் தனித்தனியாகப் போனில் அழைத்துச் சேருங்கள். காலியாகக் கிடக்கும் பட்டியலில் முதல் பெயராகச் சேர யாருக்கும் மனம் வராது.

குழந்தையின் நோய்க்கு விலையுயர்ந்த மருந்து ஒன்று உண்டு என்றால் குழப்பம் வரும். முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கான மரபணுச் சிகிச்சை ஒரே ஒருமுறை செலுத்தப்படுவது. அதற்காக நடக்கும் பெரிய நிதி திரட்டல்களைப் பார்த்துப் பழகியவர்கள், 'ஊசி போட்டாகிவிட்டதே, இன்னும் எதற்குப் பணம்' என்று கேட்பார்கள். மருந்து நோய் மேலும் முற்றாமல் தடுக்கலாம். ஏற்கெனவே பலவீனமான தசைகளுக்கு இருமல் உதவிக் கருவியும் இரவு மூச்சுக் கருவியும் பிசியோதெரபியும் தொடர்ந்து தேவைப்படலாம். மருந்து நிதியையும் வீட்டுப் பராமரிப்பு நிதியையும் ஒரே வேண்டுகோளில் கலக்காதீர்கள்.

மாதச் சந்தாவை நடத்துதல்

மாதச் செலவு 100 என்றால் 125-க்கு வாக்குறுதி சேருங்கள். கார்டு காலாவதியாகும், கணக்கில் பணம் இருக்காது, சிலர் வேலை மாறுவார்கள். சம்பளம் வந்த ஓரிரு நாளில் தானாகப் பிடித்தமாகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போடச் சொல்லுங்கள்; மாதக் கடைசியில் வைத்தால் திரும்பி வரும். ஒரு ஆளே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தருகிறார் என்றால், அவர் நின்றால் என்ன செய்வது என்று அன்றே யோசியுங்கள்.

காலத்தை வரையறுத்துக் கேளுங்கள். 'ஆயுள் முழுக்க' என்று யாரும் சேர மாட்டார்கள். ஒரு வருடம் என்றால் சேர்வார்கள், பதினோராம் மாதம் நீங்கள் ஒரு செய்தி அனுப்பினால் பலர் நீட்டிப்பார்கள். நின்றவர்களை ஒருமுறை மென்மையாகக் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். நன்றி சொல்லி அனுப்பியவர் பிறகு திரும்பி வருவதுண்டு.

விழா, ஓட்டம், ஏலம் போன்றவை கையிருப்பைச் சேர்க்க நல்லவை. மாதச் செலவுக்கு அவற்றை நம்பினால் குழு களைத்துப்போகும். நிகழ்ச்சிச் செலவைக் கழித்து, உழைத்த நேரத்தையும் எண்ணிப் பார்த்தால் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படாது.

பொருளாகத் தர வருபவர்கள்

பணத்தைவிடப் பொருள் தருவது பலருக்குத் திருப்தி. ஆனால் பட்டியல் இல்லாமல் விட்டால் வீட்டில் பொம்மைகளும் தவறான அளவுக் குழாய்களும் குவியும். பொருளின் பெயர், அளவு, எண்ணிக்கை, குறைந்தபட்சக் காலாவதித் தேதி எல்லாம் எழுதிய பட்டியலைக் கொடுங்கள். மிச்சமான மருந்துகளை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளவை. கை மாற்றினாலே குற்றமாகலாம்.

பழைய கருவி வந்தால் பயோமெடிக்கல் டெக்னீஷியன் (மருத்துவக் கருவிகளைச் சோதித்துப் பழுதுபார்ப்பவர்) பார்க்காமல் குழந்தைக்குப் பொருத்த வேண்டாம். கான்சென்ட்ரேட்டர் என்றால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டரில் பாருங்கள். தேவையான ஓட்டத்தில் வைத்து ஆக்சிஜன் செறிவை அளந்து, 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிராகரியுங்கள். மூச்சுக் கருவி என்றால் நிறுவனம் திரும்பப் பெற்ற மாடலா என்று சீரியல் எண்ணை வைத்துச் சோதியுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் ஒலி தடுப்பு நுரை சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதால், 2021 ஏப்ரல் 26-க்கு முன் தயாரான பல சிபாப், பைபாப் (முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுக்கு உதவும் கருவிகள்), வென்டிலேட்டர் மாடல்களைத் திரும்பப் பெற அறிவித்தது. பரணில் கிடந்து நன்கொடையாக வரும் கருவிகளில் அவையும் இருக்கலாம்.

நேரம் தர வருபவர்களை விட்டுவிடாதீர்கள். வாரம் மூன்று மணி நேரம் வந்து, குழந்தையின் அண்ணனையோ தங்கையையோ வெளியே அழைத்துப் போகிறவர், மருந்துக் கடை வேலையை முடித்துத் தருகிறவர் எல்லாம் செலவுப் பட்டியலில் வராத ஒரு பெரிய தேவையைத் தீர்க்கிறார்கள்.

கணக்குக் காட்டுதல், ஏமாற்றுக்காரர்கள்

மாதம் ஒரு பக்கம் போதும். தொடக்க இருப்பு, வரவு, ஐந்து தலைப்பில் செலவு, கடைசி இருப்பு, அடுத்த மாதத் தேவை. ஒவ்வொரு பில்லையும் வாங்கிய அன்றே படமெடுத்து எண் போட்டு வையுங்கள். வெப்பத் தாளில் அச்சான பில் சில மாதத்தில் வெளுத்துப்போகும். நன்கொடையாளருக்கு அனுப்பும் நகலில் குழந்தையின் பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிடுங்கள். செலவு குறைந்த மாதத்திலும் அறிக்கை போக வேண்டும். பணம் தேவைப்படும்போது மட்டும் வரும் செய்தியை மக்கள் திறப்பதில்லை.

உங்கள் வேண்டுகோளை நகலெடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றிப் பரப்புவார்கள். இது அரிதல்ல. படத்தின் மேலேயே கணக்குப் பெயரை எழுதிவிடுங்கள், 'வேறு எண்ணுக்கு அனுப்பாதீர்கள்' என்று சேருங்கள், வாரம் ஒருமுறை வாசகத்தின் ஒரு வரியைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். அச்சிட்டு ஒட்டிய க்யூஆர் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டிவிடுவதும் நடக்கிறது. 'பெரிய நன்கொடை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்' என்றோ 'முன்பணம் கட்டினால் நிதியைப் பத்து மடங்காக்கித் தருகிறோம்' என்றோ அழைப்பு வந்தால் துண்டியுங்கள். பணம் பெறுவதற்கு ஓடிபி தேவையே இல்லை.

நிதியை மூடும் நாள்

குழந்தை தேறி, கருவி தேவைப்படாமல் போகலாம். அரசுத் திட்டம் பொறுப்பேற்கலாம். குழந்தை இறந்தும் போகலாம். இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது கசப்பாக இருக்கும். பெற்றோரிடம் இதைப் பேச மருத்துவக் குழுவில் அவர்கள் நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதாமல் விட்டால், இழப்பின் வாரத்தில் மிச்சப் பணத்தைப் பற்றி உறவினர்கள் சண்டை போடுவார்கள். ஒரு பத்தி போதும்: நிலுவை பில்கள் முதலில், பிறகு ஒப்புக்கொண்ட ஒரு தொகை குடும்பத்தின் உடனடிச் செலவுக்கு, மிச்சம் இதே தேவை உள்ள இன்னொரு குழந்தைக்கோ பெயர் குறிப்பிட்ட ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் நிதிக்கோ. கருவிகள் யாருக்குச் சொந்தம், யாரிடம் திரும்பும் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

மூடும்போது வேலையின் வரிசை இது. முதலில் மாதப் பிடித்தங்களை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் செய்தி. இது தாமதமானால் அடுத்த மாதப் பணத்தைத் திருப்பி அனுப்புவதே தனி வேலையாகிவிடும். பிறகு இணையப் பக்கத்தை மூடி, படங்களை நீக்குதல். சிலிண்டர், வாடகைக் கருவி திருப்பித் தந்து வைப்புத்தொகை வாங்குதல். நர்ஸ்களுக்குப் பேசியபடி கடைசிச் சம்பளம். கருவிகளைச் சுத்தம் செய்து, சர்வீஸ் செய்து, ரசீது வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் ஒப்படைத்தல். இறுதி வரவுசெலவு அறிக்கை ஒரு மாதத்துக்குள். பில்களையும் வங்கி அறிக்கையையும் உங்கள் நாட்டு வரிச் சட்டம் சொல்லும் ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தவர் பத்திரப்படுத்த வேண்டும். நன்கொடையாளர்களின் போன் எண்களை மற்ற மூவரும் தங்கள் போனிலிருந்து அழித்துவிட வேண்டும்.